ஆறுமணிக்குருவி: ஒரு பெயருக்குள் இருக்கும் கடிகாரம்

தமிழில் பறவைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் கண்ணையும் காதையும் நம்பியவர்கள். மரங்கொத்தி தன் தொழிலால் பெயர் பெற்றது. வாலாட்டி தன் ஓயாத பழக்கத்தால், தேன்சிட்டு தன் உணவால், அக்காக்குயில் தன் குரலால். இந்த வரிசையில் சேராமல் ஒரு பெயர் மட்டும் தனியே நிற்கிறது: ஆறுமணிக்குருவி. நான் அறிந்தவரையில் நம் மொழியில் கடிகாரத்தால் பெயர் பெற்ற பறவை இது ஒன்றுதான்.

காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் கூவுவதால் இப்பெயர் என்று விளக்கம் சொல்லப்படுகிறது. விளக்கம் சரியானதே. ஆனால் அதோடு நகர்ந்துவிட முடியவில்லை. யாருடைய ஆறு மணி அது? எந்த ஊரின் ஆறு மணி? எந்தக் காலத்திலிருந்து? சேலம், நாமக்கல் சமவெளியில் குளிர்காலத்தைக் கழிக்கும் இச்சிறு பறவையைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் புரட்டும்போது, அதன் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு காலத்து மனிதர்கள் அதை எங்கே நின்று எப்படிக் கேட்டார்கள் என்பதன் பதிவாக இருப்பதைக் காண்கிறேன்.

முதலில் பறவையைப் பார்த்துவிடலாம். மைனாவைவிடச் சிறியது. அலகு நுனியிலிருந்து வால்வரை சுமார் 19 செ.மீ. வால் என்று சொல்ல அதிகம் இல்லை. பாதியில் யாரோ கத்தரித்துவிட்டதுபோல் இருக்கும். முதுகு பச்சை, தோளில் பளிச்சிடும் நீலத் திட்டு, மார்பு மங்கிய மஞ்சள், வயிற்றின் அடியில் குங்குமச் சிவப்பு, தொண்டை வெள்ளை, கண்ணின் மேலாகப் பிடரிவரை ஓடும் அகன்ற கரும்பட்டை, உச்சந்தலையின் நடுவே இன்னொரு கருங்கோடு. பறக்கையில் சிறகில் ஒரு வெள்ளைத் திட்டு மின்னும். வடநாட்டில் இதை நவரங் என்கிறார்கள். எண்ணிப் பார்ப்பவர்களுக்கு ஏழோ எட்டோதான் தேறும். வியப்பவர்களுக்கு ஒன்பது நல்ல எண்.

இத்தனை நிறங்களோடு பிறந்த பறவை வாழ்வது தரையில், நிழலில், சருகுக்கு நடுவே. அலகால் சருகை ஒவ்வொன்றாகப் புரட்டி அடியிலிருக்கும் பூச்சிகளையும் புழுக்களையும் தின்னும். நெருங்கினால் பறப்பதைவிடத் தத்தித் தத்தி விலகுவதையே விரும்பும். பத்தடி தூரத்தில் இருந்தும் பார்க்காமல் போய்விட முடியும். பார்த்தவர்களைவிடக் கேட்டவர்களே அதிகம் என்பது இப்பறவையின் வரலாறு முழுவதற்கும் பொருந்தும். கூவல் இரண்டே சுரம். ஏறி இறங்கும் தெளிவான ஒரு சீழ்க்கை. அந்தி மயங்கும் நேரத்தில் ஒரு பறவை தொடங்கினால், சற்றுத் தொலைவில் இருக்கும் இன்னொன்று பதில் கொடுக்கும். சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும்.

மே, ஜூன் தொடங்கி மழைக்காலத்தில் இது இனப்பெருக்கம் செய்வது வடக்கே. பாகிஸ்தானின் மார்கல்லா குன்றுகள் தொடங்கி நேபாளம்வரை நீளும் இமய அடிவாரக் காடுகளிலும், மத்திய இந்தியாவின் குன்றுக் காடுகளிலும், மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதியிலும் கூடு கட்டுகிறது. மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பி, புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தமிழ்நாட்டை அடைகிறது. சில இன்னும் தெற்கே இலங்கைவரை போகும். சேர்வராயன் மலை, கொல்லிமலை, சித்தேரி, போதமலை என்று சமவெளிக்குள் தீவுகள்போல எழுந்து நிற்கும் மலைகளின் அடிவாரக் காடுகளும், அவற்றுக்கு இடைப்பட்ட மாந்தோப்புகளும், காவிரிக்கரையில் பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்துத் தோப்புகளும் இத்தகைய பறவை தேடிவரும் இடங்கள். சித்திரை பிறக்கும்போது திரும்பிப் போயிருக்கும், அல்லது போய்க்கொண்டிருக்கும்.

இதன் முதல் எழுத்துப்பூர்வமான பெயர் நமக்குக் கிடைப்பது சென்னையிலிருந்து. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்தவர் எட்வர்ட் பக்லி. அவருக்கு முன் அப்பணியில் இருந்த சாமுவேல் பிரவுன் உள்ளூர்ச் செடிகளை அவற்றின் உள்ளூர்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பியவர். பக்லி பறவைகளின் படங்களை அனுப்பினார். பெற்றுக்கொண்டவர் லண்டனில் மருந்துக்கடை நடத்திய ஜேம்ஸ் பெட்டிவர். உலகெங்கும் இருந்த கப்பல் மருத்துவர்களையும் மாலுமிகளையும் கடிதத்தாலேயே நச்சரித்து அரும்பொருள் சேர்த்த மனிதர். அவர் இந்தச் சென்னைப் பறவைகளைப் பற்றி எழுதிய குறிப்பு, இயற்கையியலாளர் ஜான் ரேயின் மறைவுக்குப் பின் 1713இல் வெளிவந்த பறவைகள் பற்றிய லத்தீன் நூலின் பின்னிணைப்பாக அச்சேறியது. இந்தியப் பறவைகளுக்கு என்று அச்சான மிகப் பழைய பட்டியல்களில் ஒன்று அது. அதில் நம் பறவையின் பெயர் 'பொன்னங்கி பிட்ட' என்ற தெலுங்குப் பெயரின் ஆங்கில எழுத்து வடிவத்தில் இருக்கிறது.

பிட்ட என்றால் தெலுங்கில் சிறு பறவை. பொன்னங்கி என்பதைத் தமிழ்க் காது 'பொன் அங்கி' என்று பிரித்துக்கொள்ள ஆசைப்படும். பொன்னிற அங்கி அணிந்த குருவி! அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தகைய ஆசைகளுக்கு இடங்கொடுத்துத்தான் நம்மூர்ச் சொல்லாராய்ச்சி பாழாகியிருக்கிறது. தெலுங்குச் சொல்லைத் தெலுங்குச் சொல்லாகவே விட்டுவிடுவது நல்லது. தமிழிலும் இப்பறவைக்குப் பொன்னுத்தொட்டான் என்றொரு பெயர் வழங்குகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். இரண்டு மொழிக்காரர்களும் மஞ்சள் மார்பைப் பார்த்திருக்கிறார்கள்.

கோட்டையைச் சுற்றி அன்று தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்கின. பறவையைப் பிடித்து வந்தவரோ, படம் தீட்டியவரோ, அருகில் நின்ற பணியாளரோ, யாரோ ஒருவர் வாயிலிருந்து அச்சொல் வந்திருக்க வேண்டும். பக்லியின் பெயரும் பெட்டிவரின் பெயரும் நூலில் இருக்கின்றன. சொன்னவர் பெயர் இல்லை. ஆனால் நிலைத்தது அவருடைய சொல்தான். 1766இல் லின்னேயஸ் தம் பெருநூலின் பன்னிரண்டாம் பதிப்பில் இப்பறவையைக் காக்கைகளோடு சேர்த்து 'குட்டைவால் காக்கை' என்று பொருள்படும் லத்தீன் பெயரிட்டார். அவருக்கு இரண்டாண்டு முன்பே ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் இதைக் குட்டைவால் கொண்ட காக்கையினப் பறவையாக வரைந்திருந்தார். இருவரும் இப்பறவையின் காட்டைப் பார்த்தவர்கள் அல்லர். 1816இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ இவற்றைக் காக்கைகளிடமிருந்து பிரித்துத் தனிப் பேரினமாக்கியபோது வைத்த பெயர் 'பிட்டா'. ஆப்பிரிக்காவிலும், மலேயாவிலும், போர்னியோவிலும், ஆஸ்திரேலிய மழைக்காடுகளிலும் வாழும் நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் அடங்கிய குடும்பத்துக்கு இன்று வழங்கும் பெயர் சோழமண்டலக் கரையில் கேட்ட ஒரு தெலுங்குச் சொல். 2006இல் அப்பேரினத்தை மூன்றாகப் பிரித்தார்கள்; அப்போதும் குடும்பத்தின் பெயர் மாறவில்லை. சேலத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட வீடுகளில் வாசலில் வந்து உட்காரும் எந்தச் சிட்டையும் இப்போதும் பிட்ட என்றுதான் குழந்தைக்குக் காட்டுவார்கள். அது ஆஸ்திரேலியப் பறவை நூல்வரை பயணம் செய்த சொல் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

அடுத்த முக்கியமான சாட்சி தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன். 1836இல் கம்பெனியின் உதவி மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர். தென்னிந்தியப் பறவைகளை முறையாகத் தொகுத்த முதல் பெரிய மனிதர் என்று அவரைச் சொல்லலாம். 1862 முதல் 1864 வரை வெளிவந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூலில் இப்பறவையைப் பற்றி எழுதும்போது ஒரு செய்தி சொல்கிறார். தாம் முதன்முதலில் உயிரோடு கண்ட ஆறுமணிக்குருவி சென்னைப் பொது மருத்துவமனைக்குள் அடைக்கலம் புகுந்திருந்தது; பின்னர் நெல்லூரிலும் இதே நிலையில் பல பறவைகள் தமக்குக் கிடைத்தன என்கிறார். வெயில்காலத்தின் தொடக்கத்தில், மேற்கிலிருந்து தரைக்காற்று வேகமாக வீசத் தொடங்கும் நாட்களில்தான் கர்நாடகப் பகுதியில், அதாவது அன்றைய வழக்கில் கிழக்குக் கடற்கரைச் சமவெளியில், இது அதிகம் தென்படுகிறது என்றும் கவனித்திருக்கிறார். காரணமாக அவர் கருதியது இது: பறக்கும் வலு குறைந்த இப்பறவைகளைக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து காற்று அடித்துக்கொண்டு வந்துவிடுகிறது, எதிர்த்து நிற்க முடியாமல் அவை குடிசைகளிலும் கட்டடங்களிலும் புகுந்துகொள்கின்றன.

இந்த விளக்கத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கவனிப்பு அத்தனையும் சரி, முடிவு தவறு. தவறு என்றாலும் மதிப்புக்குரிய தவறு. சேர்வராயனும் சவ்வாது மலையும் இருக்கும் திசை கடற்கரையிலிருந்து பார்த்தால் மேற்கு. காற்றும் அங்கிருந்துதான் வருகிறது. பறவையோ குட்டைச் சிறகும் இல்லாத வாலுமாக இருக்கிறது. மருத்துவமனை வராந்தாவில் களைத்துப் போய் ஒடுங்கிக் கிடக்கும் அந்த உயிரைக் கையில் எடுத்துப் பார்க்கும் எவரும், இது இமயமலை அடிவாரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்திருக்க மாட்டார்கள். மலையிலிருந்து விழுந்த பறவை என்றுதான் தோன்றும். ஜெர்டன் குறித்த வெயில்கால தொடக்கம் என்பது இவை வடக்கே திரும்பும் பருவம். இவை பயணம் செய்வது இரவில். டேராடூன் பக்கத்துக் காட்டிலிருந்து சேலத்துக்கு நேர்க்கோட்டில் சுமார் 2000 கி.மீ. அறுபது கிராம் அளவே எடையுள்ள பறவை ஆண்டுக்கு இருமுறை அத்தூரத்தைக் கடக்கிறது. களைத்தவை விளக்கு வெளிச்சத்தை நோக்கி இறங்குகின்றன. வீட்டுக்குள், கொட்டகைக்குள், பள்ளிக்கூடத்துக்குள் வந்து விழுகின்றன. ஜெர்டன் கண்டது ஒரு நெடும்பயணத்தின் இடையில் அறுந்த கண்ணி.

சேலத்து மலைகளுக்கு அருங்காட்சியகப் பறவையியல் வந்து சேர்ந்தது இன்னும் பிந்தி. 1929இல் தொடங்கிய வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை ஆய்வு சேர்வராயன், சித்தேரி மலைகளிலும் பறவை மாதிரிகளைச் சேகரித்தது. அதன் முடிவுகளை ஹியூ விஸ்லரும் நார்மன் கின்னியரும் 1930 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் தொடராக எழுதினார்கள். அலகின் நீளமும் சிறகின் நீளமும் மில்லிமீட்டரில் அளக்கப்பட்ட காலம் அது. அந்த மலையடிவாரத்தில் வாழ்ந்தவர்கள் இதே பறவையை வேறொரு அளவுகோலால் அளந்திருந்தார்கள். அதற்குத்தான் வர வேண்டும்.

ஆறு மணி என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கலாம். நம்முடைய பழைய காலக்கணக்கில் ஒரு நாள் 60 நாழிகை. நாழிகைக்கு 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு சாமம். கணக்கு சூரியோதயத்திலிருந்து தொடங்கும். அந்தக் கணக்கில் வாழ்ந்த உழவருக்கு விடியலில் கூவும் பறவை நாளின் பிறப்பில் கூவுகிறது. அந்தியில் கூவும் பறவை முப்பதாம் நாழிகையில் கூவுகிறது. கோழி கூப்பிட, வெள்ளி முளைக்க, பொழுது இறங்க, விளக்கு வைக்க என்று அன்றாடப் பேச்சில் பொழுதுக்கு எத்தனையோ அடையாளங்கள் இருந்தன. அவற்றில் 'ஆறு' என்ற எண்ணுக்கு வேலையே இல்லை. ஆகவே ஆறுமணிக்குருவி என்ற பெயர் நாழிகை வட்டிலின் காலத்தில் பிறந்திருக்க முடியாது. பறவை தொன்றுதொட்டு வந்துகொண்டிருக்கிறது. பெயர் நேற்றையது.

மணி என்பது முதலில் வெண்கலம், அடிக்கும் பொருள். அதிலிருந்து அது நேரத்தின் அலகாயிற்று. கச்சேரி வாசலிலும் சிறைச்சாலையிலும் தொங்கவிட்ட தட்டில் மணிக்கொரு முறை காவலர் அடிக்கும் ஓசைதான் பல ஊர்களுக்கு முதல் கடிகாரம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளில் சேலமும் ஒன்று. அலெக்சாண்டர் ரீட் அதன் முதல் ஆட்சியரானார். அதே 1792இல்தான் கம்பெனி சென்னையில் தன் வானாய்வகத்தை நிறுவியது. நிலத்தை அளக்கும் அலுவலகமும் நேரத்தை அளக்கும் அலுவலகமும் ஒரே ஆண்டில் வந்ததைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். எனக்கு ஒதுக்க மனமில்லை. வானாய்வகத்தின் தீர்க்கரேகையைக் கொண்டு 1802இல் கணிக்கப்பட்ட சென்னை நேரம் பிற்பாடு ரயில்வேக்களின் நேரமாயிற்று. 1861இல் சேலத்துக்கு ரயில் வந்தது. ரயிலோடு சென்னையின் ஆறு மணி சேலத்துக்கு வந்தது. பின்னர் ஆலைச்சங்கு, நகராட்சிச் சங்கு, பள்ளிக்கூட மணி. இப்படிக் காதில் விழுந்து விழுந்து பழகிய ஓர் எண்ணைத்தான் யாரோ ஒருவர் அந்தியில் கேட்ட சீழ்க்கையோடு பொருத்தியிருக்கிறார். பறவையை வைத்து நேரத்தைச் சொல்லிவந்த ஒரு சமூகம் நேரத்தை வைத்துப் பறவையைச் சொல்லத் தொடங்கிய திருப்பம் இப்பெயரில் உறைந்திருக்கிறது.

1906ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம் வந்தது. சென்னை நேரத்தைவிட அது ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே. சேலத்தின் சொந்தச் சூரிய நேரத்தைவிடச் சுமார் 17 நிமிடம் முன்னே. இந்தச் சில நிமிட மாற்றத்தால் பறவையின் பெயருக்கு ஏதேனும் பங்கம் வந்ததா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரவில்லை, கொஞ்சம் பொருத்தம் கூடியிருக்கிறது. இன்றைய கடிகாரப்படி, இப்பறவை தங்கியிருக்கும் ஐப்பசி முதல் சித்திரை தொடக்கம்வரையான காலத்தில் சேலத்தில் சூரியன் மறைவது மாலை 5.50க்கும் 6.30க்கும் இடையில். உதிப்பது காலை 6.05க்கும் 6.40க்கும் இடையில். சூரியன் எழுமுன் வெளுக்கும் நேரத்தில் கூவும் பறவைக்கு இரு வேளையும் ஆறு மணி சுற்றுவட்டம்தான்.

இங்கே இன்னொன்றும் இருக்கிறது. சேலத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒன்றேகால் மணி நேரமே. இதே பறவை முட்டையிடும் இமய அடிவாரத்தில் அவ்வேறுபாடு ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஜூன் மாதக் கடைசியில் டேராடூனில் சூரியன் மறையும்போது மணி ஏழேகாலைத் தாண்டியிருக்கும். டிசம்பரில் ஐந்தரைக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். அங்கே இப்பறவையை ஆறுமணிக்குருவி என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் பொய்யாகிவிடும். அவர்கள் நிறத்தைச் சொன்னார்கள், நவரங் என்றார்கள். நாம் நேரத்தைச் சொன்னோம். ஆண்டெல்லாம் அந்தி அதிகம் நகராத நிலத்தில், அந்தி அதிகம் நகராத மாதங்களில் மட்டும் விருந்தாளியாக வந்து தங்கும் பறவைக்கே இப்பெயர் செல்லும். பூமத்தியரேகைக்கு நம் நெருக்கத்தை ஒரு குருவியின் பெயர் ஒளித்து வைத்திருக்கிறது.

பறவையியலாளர் வகைப்பாட்டில் ஆறுமணிக்குருவி பாடும் பறவைகளின் கிளையைச் சேர்ந்ததன்று. அதற்கு அண்டைக் கிளை. பாடும் பறவைகளின் குஞ்சுகள் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பாட்டைக் கற்கின்றன. ஆகவே ஊருக்கு ஊர் பாட்டு வேறுபடலாம், தலைமுறைக்குத் தலைமுறை திரியலாம். ஆறுமணிக்குருவி சேர்ந்த கிளையில் கூவல் பொதுவாகப் பிறவியிலேயே அமைந்துவிடுகிறது. எனவே சென்னைக் கோட்டைக்கு வெளியே 1713க்கு முன் கேட்ட சீழ்க்கையும், நாளை மாலை சேர்வராயன் அடிவாரத்தில் கேட்கப் போவதும் ஏறத்தாழ ஒன்றே என்று கொள்ள இடமுண்டு. பாட்டில் புலமை இல்லாததால் கிடைத்த நிலைபேறு.

இனி, மற்றொரு பெயர்: தோட்டக்கள்ளன். ஆறுமணிக்குருவி என்பதைவிட எனக்குப் பிடித்த பெயர் இது. கொங்குப் பேச்சில் தோட்டம் என்பதற்குப் பூந்தோட்டம் என்று பொருள் இல்லை. சேலம், நாமக்கல் பக்கத்தில் காடு என்றால் வானம் பார்த்த நிலம். சோளமும் கடலையும் விளைவது. தோட்டம் என்றால் கிணறு இருக்கும் நிலம். கவலை இறைத்துப் பாயும் நிலம். பெரும்பாலும் உழவரின் வீடும் அங்கேயே இருக்கும். கிணற்றடியில் புங்கனோ புளியோ வேம்போ நிழல் தரும். எல்லையில் கிளுவையும் கள்ளியும் கொடிகளும் பின்னிய உயிர்வேலி. வேலிக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் யாரும் கூட்டாத சருகு. வறண்ட சமவெளியின் நடுவே ஈரமும் நிழலும் சருகும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். இமயத்து மழைக்காட்டிலிருந்து வரும் பறவைக்கு இந்தச் சமவெளி நெடுக வாழக் கிடைத்தவை இப்படிப்பட்ட கையகல ஈரங்களே. விடியற்கருக்கலில் மாடு கட்டக் கிணற்றடிக்கு வருபவர், வேலியடியில் ஏதோ ஒன்று பச்சையாகத் தத்தி மறைவதைக் காண்கிறார். விளைச்சலில் எதையும் தொடாத பறவைக்குக் கள்ளன் என்று பெயர் வந்தது அந்தப் பதுங்கலால்தான் இருக்க வேண்டும். திருடாமலே கள்ளப்பட்டம் சுமக்கும் உயிர்கள் நம் மொழியில் இன்னும் சில உண்டு.

மலைமேல் அதற்கு ஒப்பான இடம் காப்பித் தோட்டம். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தார். சோலை அழிந்தது, ஆனால் நிழல் மரங்களை விட்டுவைத்துக் காப்பி வளர்த்த இடங்களில் சருகு மெத்தை மிஞ்சியது. இலக்கியக்காரர்கள் இதில் எளிய வில்லனைத் தேடுவதுண்டு. சருகு புரட்டும் பறவைக்கு ஆட்சியரும் வில்லனில்லை, உழவரும் நாயகரில்லை. தரையில் இலை கிடக்கிறதா என்பது மட்டுமே கேள்வி.

அந்தத் தரைதான் கடந்த அரை நூற்றாண்டில் மாறியிருக்கிறது. கவலை போய் மின்மோட்டார் வந்தது. நீர்மட்டம் இறங்க, கிணறு போய் ஆழ்துளை வந்தது. கிணற்றடி என்ற இடமே இல்லாதபோது கிணற்றடி மரத்துக்கும் தேவையில்லை. உயிர்வேலியை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டால் இரண்டடி நிலம் மிச்சமாகும். நிலத்தின் விலை ஏறிய பகுதிகளில் இரண்டடி சிறிய விஷயமல்ல. சுத்தமாகக் கூட்டிய தோப்பு நல்ல வேளாண்மையின் அடையாளமாகிவிட்டது. உலக அளவில் ஆறுமணிக்குருவி அருகிவிட்ட பறவையன்று; பன்னாட்டுப் பட்டியல்களில் அது கவலைக்கு இடமில்லாத பிரிவில்தான் இருக்கிறது. நான் சொல்வது அந்த அளவிலான அழிவை அல்ல. அது தங்கும் இடத்துக்கும் நாம் வாழும் இடத்துக்கும் இருந்த அண்மை போய்விட்டதைச் சொல்கிறேன். காப்புக்காட்டில் பறவை கூவும். கேட்பதற்கு நாம் அங்கே இருக்கமாட்டோம். கணிப்பொறித் திரையில் பறவைப் பட்டியலைப் பதிவுசெய்யும் இளைஞர்கள் சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்று இருக்கிறார்கள், அவர்கள் காடுதேடிப் போய் இதைப் பார்க்கிறார்கள். அது வேறு. வீட்டு வாசலில் நின்றபடி ஒரு பறவையைக் கேட்டு 'மணி ஆறாச்சு' என்று சொன்ன பழக்கத்திலிருந்து பிறந்தது இந்தப் பெயர்.

அந்தியும் பழைய அந்தியாக இல்லை. நாமக்கல்லைச் சுற்றி முட்டைக்கோழிப் பண்ணைகள் நிரம்பியிருப்பதை இந்தியா முழுக்க அறிவார்கள். கோழி தவறாமல் முட்டையிட நாளொன்றுக்குச் சுமார் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும் என்பது பண்ணைக் கணக்கு. நம் ஊர்ப் பகல் அவ்வளவு நீளம் கிடையாது. எனவே விளக்கெரித்து நாளை நீட்டுகிறார்கள். இருட்டியபிறகு நெடுஞ்சாலையில் போகும்போது வயல்களுக்கு நடுவே நீளநீளமான கொட்டகைகள் ஒளியோடு மிதப்பதைக் காணலாம். அதற்குள் இருப்பவை பல்லாயிரக்கணக்கில், பொழுது இறங்குவதே தெரியாத பறவைகள். வெளியே, மேலே, இருட்டில் பயணம் செய்பவை எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை. நகரின் கண்ணாடி முகப்புக் கட்டடங்களும் இரவெல்லாம் எரியும் விளக்குகளும் இரவில் பறக்கும் பறவைகளை ஈர்த்து இறக்குகின்றன. ஜெர்டன் மருத்துவமனைக்குள் கண்டதை, புரட்டாசி ஐப்பசியிலும் பங்குனி சித்திரையிலும் இன்றும் மாடிப்படியிலும் வாகனக் கொட்டகையிலும் காண்கிறவர்கள் உண்டு. 'இது என்ன பறவை, வெளிநாட்டுக் கிளியா?' என்று கேட்பார்கள். நிறத்தைப் பார்த்தால் கேட்கத்தான் தோன்றும்.

அப்படி ஒன்று வந்து விழுந்தால் செய்யவேண்டியது அதிகமில்லை. கூண்டில் அடைக்கக்கூடாது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு இடந்தராது. வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றக்கூடாது, புரையேறிச் செத்துவிடும். காற்றுப்போக நாலைந்து துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் ஒரு துணியை விரித்து, பறவையை விட்டு மூடி, பூனையும் குழந்தைகளும் நெருங்காத இருட்டு மூலையில் வைத்துவிட வேண்டும். காயமில்லாத பறவை சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். காயமிருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். தெளிந்ததை வெயிலில் விட்டால் காக்கைகள் துரத்தும். அதனால் மாலை ஆறு மணிவரை பொறுத்திருந்து, அருகில் மரமும் புதரும் உள்ள இடமாகப் பார்த்துப் பெட்டியைத் தரையில் வைத்து, மூடியை எடுத்துவிட்டு, விலகி நிற்க வேண்டும்.